முள் காட்டிய வேகம்

உங்கள் ஸ்டேஷன் மேசை விசிறியில் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது, ஐயா. அதனால்தான் இந்தக் கடகடச் சத்தம். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் தாங்கும். சத்தம் போடுகிற கோளாறால் பெரிய ஆபத்தில்லை. சத்தமே இல்லாமல் ஒழுங்காக வேலை செய்த ஒரு கோளாறைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் தம்பி தானாகவே உயிரை விட்டான் என்று எழுதி முடிக்கப்போகிறீர்களாம். மனைவி போன துக்கத்தில், வேண்டுமென்றே நூற்றிருபதில் அந்த வளைவுக்குள் போனான் என்று. நொறுங்கிய காரில் ஸ்பீடாமீட்டர் முள் இன்னும் நூற்றிருபதிலேயே நிற்கிறது. பிரேக்கும் மீட்டரும் சரியாக இருந்தன என்று சோதித்தவர் சொல்லியிருக்கிறார். உண்மைதான். மீட்டரைச் சரியாக்கியவனே நான்தான்.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், புரியாத விஷயமில்லை. வண்டிக்குத் தன் வேகம் தெரியாது. சக்கரம் சுற்றச் சுற்ற, கியர் பெட்டியில் உள்ள ஒரு சின்ன சென்சார் மீட்டருக்கு நாடி மாதிரி துடிப்புகளை அனுப்பும். மீட்டர் அதை எண்ணி முள்ளை நகர்த்தும். இத்தனை துடிப்புக்கு ஒரு கிலோமீட்டர் என்று மாடலுக்கு மாடல் ஒரு கணக்கு உண்டு. ஒரே கம்பெனி வண்டிகளில் சில நேரம் மீட்டரின் சட்டமும் பிளக்கும் ஒன்றாக இருக்கும், கணக்கு மட்டும் வேறாக இருக்கும். ஒன்றைக் கழற்றி மற்றதில் மாட்டினால் கச்சிதமாக உட்காரும். விளக்கெல்லாம் அழகாக எரியும். வேகம் மட்டும் பொய்யாக வரும்.

தம்பியைத் தெருவில் ராக்கெட் என்றுதான் கூப்பிடுவார்கள். மனைவி உண்டான பிறகும் அவன் ஓட்டம் மாறவில்லை. ஒருநாள் அவள் என் மெக்கானிக் ஷெட்டுக்கே வந்துவிட்டாள்.

"மாமா, நூறுக்குக் கீழ போனா உங்க தம்பிக்குக் கௌரவம் போயிடுமாம். நான் வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க சொன்னா கேப்பாரு."

என் பேச்சை அவன் எப்போதும் கேட்டதில்லை. முள்ளின் பேச்சைக் கேட்பான். அடுத்த முறை சர்வீஸுக்கு வந்தபோது வேறொரு மாடலின் மீட்டரை மாட்டினேன். முள் நூறு காட்டும்போது வண்டி எழுபத்தைந்தில்தான் போகும். பழைய மீட்டரில் விளக்கு போய்விட்டது, பழைய சாமான் கடையில் இது கிடைத்தது என்றேன். ஓடிய தூரத்தையும் அதே மீட்டர்தான் கூட்டிக் காட்டும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

"உன் கைராசியே ராசிண்ணா. மைலேஜ் பிச்சுக்கிட்டுப் போகுது" என்றான்.

அவள் தனியாகச் சிரித்தாள். "என்ன மந்திரம் போட்டீங்க மாமா? ராக்கெட்டு இப்ப மாட்டுவண்டி மாதிரி போகுது. அவருக்குத்தான் தெரியல."

நானும் சிரித்தேன். எல்லாரும் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை.

எட்டாம் மாதத்தில் ஒரு மத்தியானம் அவளுக்கு இரத்தப்போக்கு கண்டது. ஆற்றுப் பாலம் தாண்டி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அவனே ஓட்டிக்கொண்டு போனான். பெண்குழந்தை பிழைத்தது. அவள் பிழைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

நான் போய்ச் சேர்ந்தபோது தம்பி ஆஸ்பத்திரி நடையில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். "வளைவுல கூட நூத்திருபதுக்குக் குறைக்கலண்ணா. அதுக்கு மேல போனா அவ தாங்க மாட்டா. வேற என்ன பண்ணியிருக்க முடியும்?"

"முடிஞ்சதெல்லாம் பண்ணிட்டடா" என்றேன்.

உண்மையில் அது தொண்ணூறு. ஆனால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் அவன் எழுந்து நின்றான். அதையும் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஷெட்டுக்கு வந்தான். தாடி வளர்ந்திருந்தது.

"அதே ரோட்டுல, அதே வேகத்துல ஒரு தடவ போய்ப் பாக்கணும்ணா. நூத்திருபதுல போயும் ஏன் அவ்வளவு நேரமாச்சு? எங்கயோ கணக்கு உதைக்குது."

அந்தச் சாலை நெடுகக் கிலோமீட்டர் கற்கள் உண்டு. கற்களையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டே ஓட்டினால் முள்ளின் பொய் வெளியே வந்துவிடும். "வண்டிய விட்டுட்டுப் போ, ஆயில் மாத்தித் தரேன்" என்றேன். பழைய மீட்டர் அலமாரியில் துணி சுற்றிப் பத்திரமாக இருந்தது. ரிப்பேர் பார்த்துவிட்டேன் என்று சொல்லி அதையே திரும்ப மாட்டினேன். இனி கல்லும் முள்ளும் ஒன்றையே சொல்லும்.

பாலத்தை அடுத்த வளைவை உங்களுக்குத் தெரியும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் வளைவில் வண்டியை வெளியே தள்ளும் விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். தொண்ணூறில் அந்த வண்டி அங்கே தாங்கும். அவளை ஏற்றிப் போன அன்று தாங்கியது. நூற்றிருபதில் தாங்காது. அன்று தாங்கியது நூற்றிருபதுதான் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். இந்தக் கணக்கெல்லாம் போல்ட்டை முறுக்கும்போதே எனக்குத் தெரியும், ஐயா.

அவன் சாகப் போகவில்லை. பின் சீட்டில் குழந்தைக்கு வாங்கிய பால்பவுடர் டப்பா கிடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். அப்பன் உன்னை வேண்டாமென்று விட்டுப் போனான் என்று அந்தப் பிள்ளையிடம் நாளை யாரும் சொல்லக்கூடாது. அதற்காகத்தான் வந்தேன்.

சாவியைக் கொடுத்தபோது அவன் ஒன்று கேட்டான். "மீட்டர் சரியா இருக்கும்லண்ணா?"

"சரியா இருக்கும்டா."

வளைவில் மெதுவாகப் போ என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பான். அவன் மனம் நோகும்படி நான் என்றைக்கும் ஒரு வார்த்தை பேசியதில்லை, ஐயா.