மாடி அறையை வெளியே பூட்டியது பற்றி எமில்டா சொன்னது

பெயர்: எமில்டா. வயது: 48. தகப்பனார் பெயர்: ஹென்றி தல்மேதா (காலஞ்சென்றவர்). தொழில்: மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் கணவாய் சுத்தம் செய்யும் பிரிவில் மேற்பார்வை வேலை. இருப்பிடம்: பழைய ஐஸ் கம்பெனி சந்து, கடற்கரைப் பகுதி, தூத்துக்குடி.

நான் மேற்கண்ட முகவரியில் என் தகப்பனாருடன் குடியிருந்து வந்தேன். எனக்குத் திருமணம் ஆகவில்லை. என் தாயார் ரோஸ்லின் சில வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார். பிரைட்டன் என்ற தம்பி ஒருவர் இருக்கிறார். அவர் தன் மனைவி விஜிலாவுடன் சாகுபுரத்தில் குடியிருக்கிறார். 2021 மே மாதம் நடந்த என் தகப்பனாரின் மரணம் சம்பந்தமாக விசாரிக்க அழைத்ததன் பேரில், எனக்குக் கொரோனா குணமாகி, தனிமையில் இருக்க வேண்டிய காலமும் முடிந்த பிறகு, இன்று காவல் நிலையத்தில் ஆஜராகி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் தகப்பனார் தண்டலாக இருந்தவர். அதாவது கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் தோணிக்குத் தலைவராக இருந்து அதை நடத்திப் போய் வந்தவர். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும்போது அவருக்கு மறதி நோய் வந்தது. முதலில் தெருப் பெயர்களை மறந்தார். அதன் பிறகு என் தாயார் இறந்ததை மறந்தார். கடைசி இரண்டு வருடமாக என்னைச் சில நேரம் மகள் என்றும் சில நேரம் ரோஸ்லின் என்றும் நினைத்துப் பேசுவார். காலையில் எழுந்ததும் சட்டை போட்டுக்கொண்டு, தோணி கிளம்பப் போகிறது என்று சொல்லி, பழைய துறைமுகத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிடுவார்.

அதனால் முன்பெல்லாம் ஆபத்து ஏதும் வந்ததில்லை. எங்கள் சந்து முனை டீக்கடைக்காரரும் கரையில் வலை பின்னுகிறவர்களும் அவரை அறிந்தவர்கள். அவரைக் கண்டால், "தண்டலய்யா, இன்னைக்குக் காத்து சரியில்ல. நாளைக்குத்தான் தோணி" என்று சொல்வார்கள். அவர் வானத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று திரும்பிவிடுவார். யாராவது கூடவே வந்து வீட்டில் விட்டுப் போவார்கள். இப்படித்தான் நான் வேலைக்கும் போய்க்கொண்டு அவரையும் பார்த்துவந்தேன்.

கொரோனா இரண்டாவது அலை வந்தபோது என் பக்கத்து வீட்டு மெட்டில்டா அக்காவின் கணவர் மே மாத ஆரம்பத்தில் அதில் இறந்துபோனார். என் தகப்பனார் தினமும் அவருடன் உட்கார்ந்து பேசுகிறவர். உடலைப் பையில் கட்டி வேனில் கொண்டுபோனார்கள். மெட்டில்டா அக்கா வேனுக்குப் பின்னால் தெருமுனை வரைக்கும் நடந்துபோய் நின்றதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். என் தகப்பனாரும் பார்த்தார். "யாருக்குளா இவ்வளவு பெரிய மூட்டை?" என்று கேட்டார்.

அதன் பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. என் தகப்பனார் முகக்கவசத்தை முகத்தில் நிற்க விடமாட்டார். கட்டிவிட்டால் நான் திரும்புவதற்குள் பிடுங்கிப் பையில் வைத்துக்கொள்வார். யாரைக் கண்டாலும் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். ஆகவே முன்வாசல் கம்பிக் கதவைப் பூட்ட ஆரம்பித்தேன். எங்கள் கம்பெனி அத்தியாவசியப் பட்டியலில் இருந்ததால் நான் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. வீடு திரும்பியதும் பின்கட்டில் குளித்து, உடுத்தியதை டெட்டாலில் நனைத்துவிட்டுத்தான் அவர் பக்கத்தில் போவேன். சோறு ஊட்டும்போதுகூட முகக்கவசம் போட்டிருந்தேன். முகம் மூடியிருந்தால் அவருக்கு என்னை அடையாளம் தெரியாது. "யாரு நீ? எம் மவ எங்க?" என்று தட்டைத் தள்ளிவிடுவார். அதனால் முதலில் வாசலில் நின்று கவசத்தைக் கழற்றி முகத்தைக் காட்டி, "நாந்தாம்பா, எமில்டா" என்று சொல்லி, அவர் தலையாட்டிய பிறகு மறுபடி போட்டுக்கொண்டு உள்ளே போவேன்.

இவ்வளவு இருந்தும் கம்பெனியில் எடுத்த பரிசோதனையில் எனக்குக் கொரோனா என்று வந்தது. அன்றே சுகாதாரத் துறையினர் வீட்டுக்கு வந்து என் தகப்பனாருக்கும் மூக்கில் மாதிரி எடுத்தார்கள். அவருக்கு இல்லை என்று வந்தது. என்னைச் சிகிச்சை மையத்துக்கு வரச் சொன்னார்கள். நான் போனால் அவரைப் பார்க்க ஆள் இல்லை என்று சொன்னேன். மாடியில் கழிப்பறையோடு தனி அறை இருப்பதைப் பார்த்துவிட்டு, நான் கீழே தனியாக இருந்துகொள்ளலாம், ஆனால் அவர் அருகில் போகக்கூடாது, இந்த வயதில் அவருக்கு வந்தால் தாங்காது என்று சொல்லிப் போனார்கள்.

அதன் பிறகு என் தம்பிக்குப் போன் செய்து, அப்பாவைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். விஜிலா அப்போது ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தார். அப்பாவுக்கு இப்போது இல்லை என்று வந்தாலும் நாளைக்கு வராது என்று யார் சொல்ல முடியும் என்று தம்பி கேட்டார். நான் அவர் மேல் குறை சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். மெட்டில்டா அக்காவுக்கு ஆஸ்துமா. அவரிடம் நான் கேட்கவே இல்லை. அவராகவே தினமும் கஞ்சியும் துவையலும் கம்பிக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார். அதைத்தான் நானும் என் தகப்பனாரும் சாப்பிட்டோம்.

முதல் நாள் நான் மாடிக் கதவைப் பூட்டவில்லை. அப்பா, கீழே வராதீர்கள் என்று மட்டும் சொல்லிவைத்தேன். அன்று மத்தியானம் காய்ச்சல் அதிகமாகி நான் கீழே பாயில் படுத்திருந்தேன். கண் விழித்தபோது என் தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்து என் நெற்றியில் கை வைத்திருந்தார். "காய்ச்சல் கொதிக்குதுளா. ஒங்கம்மா எங்க போயிட்டா?" என்று சொல்லி, தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டுவந்து என் தலையில் போட்டார். நான் அவரைத் தள்ளிவிட்டேன். என் தகப்பனார்மேல் நான் அப்படிக் கை வைத்தது அதுதான் முதல் தடவை. அவர் சுவரில் சாய்ந்து விழப்பார்த்து, எழுந்து மாடிக்குப் போனார். நான் பின்னாலேயே போய் அறையை வெளியே தாழ் போட்டுப் பூட்டினேன். சாவி என் கழுத்துச் செபமாலையில் கோர்த்துக் கிடந்தது. வேறு யாரிடமும் அது போகவில்லை.

மாடிப்படிப் பக்கம் அந்த அறைக்குக் கம்பி போட்ட ஜன்னல் ஒன்று உண்டு. அதன் கட்டையில் தட்டை வைத்துவிட்டு நான் ஆறு படி இறங்கி நின்றுகொண்டு முகத்தைக் காட்டுவேன். அதன் பிறகு அவர் வந்து எடுத்துச் சாப்பிடுவார். அறைக்குப் பின்பக்கம் மொட்டை மாடிக்கு ஒரு கதவு இருக்கிறது. அடைத்து வைத்தால் மூச்சு முட்டும், கடல் தெரிந்தால் அவர் மனசு சாந்தமாக இருக்கும் என்று அதைத் திறந்தே விட்டேன். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் அவருக்கு நெஞ்சு உயரம் இருக்கும். இந்த வயதில் அதில் ஏற மாட்டார் என்று நினைத்தேன்.

பூட்டிய பிறகு அவர் பகல் முழுவதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். "ஏளா, கதவத் தொற. தோணி நிக்கு. ஆளுவ எல்லாம் ஏறியாச்சு" என்பார். இன்றைக்குத் தோணி போகாதப்பா, கொரோனா என்று நான் கீழேயிருந்து சொன்னேன். "அவன் எந்த ஊரு ஆளு? நான் பேசிக்கிடுதேன், நீ தொற" என்று சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். சில நேரம் கெட்ட வார்த்தையும் பேசினார். என் வாழ்நாளில் அவர் வாயில் நான் அதைக் கேட்டதில்லை.

அவர் இறந்த அன்று காலையில் நான் கஞ்சியை வைத்துவிட்டு இறங்கி நின்றபோது அவர் சட்டையைத் திறந்தபடி ஜன்னலுக்கு வந்தார். பொத்தானை எப்படி மாட்டுவது என்று அவருக்கு மறந்திருந்தது. சட்டையின் இரண்டு ஓரத்தையும் இரண்டு கையில் பிடித்துக் கம்பியோடு ஒட்டி நின்றார். நான் மாட்டிவிடுவேன் என்று எதிர்பார்த்து நின்றார் என்பது எனக்குத் தெரிந்தது. நான் ஏறிப் போகவில்லை. துளையில் விடுங்கப்பா, துளையில் விடுங்க என்று படியில் நின்றே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அதன் பிறகு மத்தியானம் வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அதன் பிறகு சத்தம் நின்றது. அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பூட்டிய நாளிலிருந்து வீடு அமைதியாக இருந்தது அப்போதுதான். நானும் தூங்கிவிட்டேன். வெயில் தாழ்ந்த பிறகு எழுந்து கட்டன் காப்பி எடுத்துக்கொண்டு ஏறினேன். மத்தியானச் சாப்பாடு ஜன்னலில் வைத்தபடி இருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. பூட்டைத் திறந்து உள்ளே போனேன். அறையிலும் கழிப்பறையிலும் அவர் இல்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் காலில் கயிறு கட்டியிருந்தது. துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவிழ்த்து, அதோடு தான் உடுத்தும் கைலிச் சாரங்களை முறுக்கி ஒன்றோடொன்று முடிந்து, பின் சந்துக்குள் இறக்கிவிட்டிருந்தார். சுவர் ஓரத்தில் ஏறுவதற்குக் குடிதண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

இந்தக் கயிற்றை யார் கட்டியது என்று அதிகாரி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். பொத்தான் மாட்டத் தெரியாத வயதானவர் இப்படி முடிச்சுப் போட்டு இறங்கியிருக்க முடியாது, வெளியாள் உதவி இருக்க வேண்டும் என்று கேட்டார். யாரும் உதவவில்லை. அது என் தகப்பனார் போட்ட முடிச்சுதான். நான் அதை அவிழ்க்கப் பார்த்தேன். அது இழுக்க இழுக்க இறுகியது. அவருக்கு எல்லாம் மறந்தாலும் கைக்கு அது மறக்கவில்லை என்றுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது.

அதன் பிறகு இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். நோய் உள்ளவர் வெளியே வரக்கூடாது என்று எனக்குத் தெரியும். முழு ஊரடங்கு என்பதால் தெருவில் ஒருவரும் இல்லை. டீக்கடை அடைத்திருந்தது. கரையில் வலைக்காரர்கள் இல்லை. இன்றைக்குக் காற்று சரியில்லை என்று அவரிடம் சொல்வதற்கு வழியில் ஒருவரும் இருக்கவில்லை. என் சத்தம் கேட்டு மெட்டில்டா அக்கா கதவைத் திறந்தார். "நீ வீட்டுக்குப் போளா, நான் போன் பண்ணிச் சொல்லுதேன்" என்று சொல்லி அவர்தான் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார். அவர் சொன்னதைக் கேட்காமல் நான் பழைய துறைமுகம் வரைக்கும் போனேன். அங்கே காவலுக்கு நின்ற போலீஸ்காரர், என் நிலைமையைக் கேட்டதும் தள்ளி நின்று, தாங்கள் தேடுவதாகச் சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பினார்.

மறுநாள் காலையில் தருவைகுளத்தைச் சேர்ந்த ஜெனோ என்பவர் வள்ளத்தில் வரும்போது, ஊரடங்கில் கட்டிக் கிடந்த தோணிகளுக்கு நடுவில், ஒரு தோணியின் நங்கூரக் கயிற்றைப் பிடித்தவாறு என் தகப்பனாரின் உடல் கிடந்ததைப் பார்த்துத் தகவல் சொன்னார். ஜெனோ எனக்கு முன்பின் தெரியாதவர். பிடித்திருந்த கையை விரல் விரலாக எடுக்க வேண்டியிருந்தது என்று அவர் என் தம்பியிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கரைக் கல்லில் அவர் செருப்பு கிடந்ததாகவும் சொன்னார்கள்.

நான் நோயாளி என்பதால் உடலைப் பார்க்க என்னை விடவில்லை. என்னோடு ஒரே வீட்டில் இருந்தவர் என்பதால் அவர் உடலையும் கொரோனா உடலாகவே கணக்கில் எடுத்து, பையில் கட்டி, மாநகராட்சி ஆட்களே அடக்கம் செய்தார்கள். பங்குச் சுவாமியார் தூரத்தில் நின்று மந்திரித்தார். என் தம்பி கல்லறைத் தோட்ட வாசல் ஓரத்தில் நின்று எனக்குப் போனில் காட்டினார். படத்தில் பாதி நேரம் தரைதான் தெரிந்தது. என் தம்பி அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பூட்டாம இருந்திருக்கலாம்லாக்கா?" 

அடக்கம் முடிந்த பிறகு பிரேதப் பரிசோதனை முடிவு வந்தது. தண்ணீரில் மூழ்கி மூச்சுத் திணறி இறந்ததாகவும், அவருக்குக் கொரோனா இல்லை என்றும் அதில் இருந்தது. நெற்றியில் கை வைத்தபோதுகூட அவருக்கு என்னிடமிருந்து தொற்றவில்லை.

எனக்கும் என் தகப்பனாருக்கும், எனக்கும் என் தம்பிக்கும் எந்தத் தகராறும் இல்லை. அவர் சாவில் யார்மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை.

மேற்கண்டதை நிலைய எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். அதில், மத்தியானம் தகப்பனார் கூப்பிட்டபோது காய்ச்சல் காரணமாக என்னால் எழுந்து போக இயலவில்லை என்று முதலில் எழுதியிருந்தது. அப்படி எழுதினால் எனக்கு நல்லது என்று சொன்னார். அவர் என்மேல் இரக்கப்பட்டுத்தான் எழுதினார். ஆனால் அது நடந்ததல்ல. என்னால் எழுந்திருக்க முடிந்தது. அதற்குக் கொஞ்சம் முன்பு சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு நானேதான் படியேறி ஜன்னலில் வைத்தேன். சாவி என் கழுத்தில் இருந்தது. கடைசியாக அவர் கூப்பிட்டது தோணிக்காக அல்ல. "எமில்டா, எனக்குப் பயமா இருக்குளா" என்று என் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டார். எனக்குக் கேட்டது. திறந்தால் அவருக்கு நோய் வந்துவிடும் என்று நினைத்து, கேட்டும் திறக்காமல் படுத்திருந்தேன். இது வழக்குக்கு அவசியமில்லை என்று சொன்னார்கள். எழுதத்தான் வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதன் பேரில் முதலில் எழுதியிருந்த அந்த வரி அடிக்கப்பட்டு இது சேர்க்கப்பட்டது. அடித்த இடத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது.

திருத்திய பிறகு மறுபடி படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ நான் சொல்லவில்லை. எல்லாம் நடந்தபடி உண்மை.

(ஒப்பம்)
ஹெ. எமில்டா