ஓரத்துல வெளிச்சம் விழணும்

– இல்ல சிலம்பு, போன தடவ நீ கார் ஹெட்லைட்டுல மாட்டுன பல்பு பத்தல. எல்லாம் மஞ்சளாவே தெரியுது. இப்ப வருதே எல்இடி, வெள்ள வெளேர்னு, அத்த போட்டுடு.

– தணிகாசலண்ணே, அந்த ஹாலோஜனுக்கே ரிலே வச்சு தனியா ஒயர் இழுத்துக் குடுத்தேன். இந்தப் பழைய இண்டிகாவுல அதுக்கு மேல ஏத்த முடியாது. தட்டாஞ்சாவடியில எந்த எலெக்ட்ரீஷியன வேணாலும் போயி கேட்டுப் பாருங்க.

– எவனையும் கேக்கல. உன்னத்தான் கேக்குறேன்.

– போட்டா இன்னா ஆவும் தெரியுமா? லைட்டுக்குள்ள கிண்ணமாட்டம் ஒரு ரிஃப்ளெக்டர் இருக்குது பாருங்க, அது ஹாலோஜனுக்குன்னு செஞ்சது. பல்புல கம்பி எரியற எடத்துக்கு ஏத்தாப்புல வெளிச்சத்தப் புடிச்சு ரோட்டுல தள்ளும். அதுல எல்இடிய சொருவுனா கண்ட பக்கமும் செதறிடும். பாக்கத்தான் பளிச்சுன்னு இருக்கும், தூரத்துக்குப் போவாது. எதிர்ல வர்றவனுக்கும் கண்ணு அவிஞ்சிடும்.

– கண்ட பக்கமும்னா? ஓரத்துலயும் விழுமா?

– ஓரம், வேலி, மரம், மேல போற கரண்டு கம்பி, எல்லாத்துலயும் விழும். ரோட்டுலதான் கம்மியா விழும்.

– அதான்ப்பா எனக்கு வேணும்.

– இன்னாண்ணே சொல்றீங்க?

– ரோடு எனக்கு எதுக்கு? கடல்ல ரோடா போட்டு வச்சிருந்தான்? இத்தினி வருசம் போய்ட்டு வரல? எனக்கு ரோட்டோரம் தெரியணும் சிலம்பு. அங்க குந்திக்கினு இருக்கறவன் மொகம் தெரியணும்.

– எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க சவாரி ஓட்றீங்கன்னுதான நான் நெனச்சிக்கினு இருந்தேன்.

– சவாரி ஓட்ற ஆளா நானு? வீராம்பட்டினத்துல வந்து கேளு, தணிகாசலம் எதுக்குக் காரு வாங்குனான்னு. படகுல இருந்த பங்க குடுத்துட்டு இத்த வாங்குனேன். இந்த வயசுல வண்டி ஓட்டக் கத்துக்கினேன். எம்புள்ளய தேடறதுக்கு.

– புள்ளையா? காணாமப் போய்ட்டாரா?

– தோ, போன்ல இருக்கறான் பாரு. கலைச்செல்வன். இங்கதான் வேல செஞ்சான், உன் கடைக்கு அந்தாண்ட தெருவுல, பிளாஸ்டிக் கம்பெனியில. நல்லாதான் இருந்தான். ஒரு நாளு வந்து, மெஷின் என்கிட்ட பேசுதுப்பான்னான். வெளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சேன். அப்பறம் செவுரு பேசுச்சு. கடலு பேசுச்சு. ஆஸ்பத்திரியில மாத்திர குடுத்தாங்க. சாப்டா தூங்கிக்கினே இருப்பான், சாப்டலன்னா நடந்துக்கினே இருப்பான். போன வருசம் ஆடித் தேருக்கு என் பக்கத்துலதான் நின்னு வடம் புடிச்சான். தேரு நின்னப்ப திரும்பிப் பாக்குறேன், ஆளக் காணோம்.

– போலீசுல சொன்னீங்களா?

– சொன்னோம், எழுதிக்கினாங்க. தேடறது நான் ஒருத்தன்தான். பொழுது சாஞ்சா கெளம்பிடுவேன். ஒரு நாளு கனகசெட்டிக்குளம் தாண்டி மரக்காணம் வரைக்கும், ஒரு நாளு கடலூர் பக்கம்.

– பகல்ல தேடலாமேண்ணே. லைட்டே வேணாமே.

– பகல்ல அவுங்க ஒரு எடத்துல நிக்க மாட்டாங்கப்பா. நடந்துக்கினே இருப்பாங்க. இருட்டுனாத்தான் குந்துவாங்க. பஸ் ஸ்டாப்பு, பாலத்தடி, மூடுன கட வாசல். அந்த ரோட்டுல எத்தினி பேரு அப்படிக் கெடக்குறாங்கன்னு உனக்குத் தெரியாது. எனக்கு இப்ப எல்லாரையும் தெரியும். ஒருத்தரு ஒயின் ஷாப் பின்னாடி படுத்திருப்பாரு, என்னப் பாத்தா சல்யூட் அடிப்பாரு. ஒரு பொம்பள இருக்குது, சிமெண்ட் சாக்குல குழந்தையாட்டம் எதையோ சுத்தி வச்சிக்கினு இருக்கும். பன்னு வாங்கிக் குடுத்துட்டு, எம்புள்ளய பாத்தியாம்மான்னு கேப்பேன். பாத்தேன்னு சொல்லும். எப்ப கேட்டாலும் பாத்தேன்னுதான் சொல்லும்.

– அண்ணே...

– தை மாசம் ஒருத்தன கண்டுபுடிச்சிட்டேன் சிலம்பு. காலாப்பட்டு தாண்டி புளியமரத்தடியில. தாடி, முடியெல்லாம் சட விழுந்து. அதே ஒசரம், அதே தோளு. கலைன்னு கூப்ட்டேன். தலையத் தூக்கிப் பாத்தான். கட்டிப் புடிச்சி அழுதேன். போர்வைய சுத்தி வண்டியில குந்த வச்சி வூட்டுக்கு இட்டுக்கினு போனேன். வழி நெடுக்க பேசிக்கினே போறேன், அவன் ஊம் ஊம்ங்கறான். வீட்டாண்ட போயி, தில்ல, கலை வந்துட்டான், கதவத் தொறன்னேன். எம்பொண்டாட்டி தொறந்தா. பேயப் பாத்தாப்புல நின்னுட்டா. நெஞ்சுல கைய வச்சிக்கினு அப்படியே செவுத்துல சாஞ்சிட்டா. அப்பறம் டியூப் லைட்ட போட்டாளா, அப்பதான் பாத்தேன். வேற யாரோ. நாப்பது வயசு ஆளு.

– ஐயோ.

– மஞ்ச வெளிச்சத்துல எல்லாரும் அவனாட்டமே இருக்கறாங்கப்பா. வேற யாரையாவது அவன்னு நெனச்சிக் கூட்டியாந்தாக்கூட பரவால்ல. அவனையே வேற யாரோன்னு நெனச்சித் தாண்டிப் போயிருந்தேன்னா? அதான் தூக்கமே வரல. போட்டுடு சிலம்பு.

– ...சரி. பானெட்ட தொறங்க. இதுக்குப் பின்னாடி சின்ன ஃபேன் ஒண்ணு இருக்கும், ரப்பர் மூடி உக்காராது, கொஞ்சம் வெட்டி வுடணும். எதிர்ல வண்டி வந்தா டிம் பண்ணிடணும். அத்த மட்டும் எனக்கு சத்தியம் பண்ணிக் குடுங்க.

– பண்றேன்ப்பா. தோ, எம்பொண்டாட்டியே வர்றா. தில்ல, நீ எதுக்கு இங்க வந்த?

– மதியத்துக்குத் தின்னாம வந்துட்டியேய்யா. மார்க்கெட்டுல மீனு சீக்கிரம் வித்துப் போச்சி, அப்படியே ஷேர் ஆட்டோவுல ஏறி வந்தேன். மொச்சக் கொழம்பும் சோறும் இருக்குது. அந்த பெஞ்சுல குந்தி ரெண்டு வாயி தின்னு.

– பசிக்கல தில்ல. தம்பி எல்இடி போட்டுக்கினு இருக்கறாரு. முடிச்சிட்டு தின்றேன்.

– நேத்தும் முடிச்சிட்டு தின்றேன்னுதான் சொன்ன. தம்பி, நீயாவது சொல்லுப்பா. காலையில ஒரு டீயோட சரி.

– சாப்டுங்கண்ணே. நீங்க சாப்ட்டாத்தான் அடுத்த பல்ப மாட்டுவேன்.

– நல்ல ஆளு புடிச்ச போ, தில்ல. குடு, தின்றேன்.

– மாத்திரையும் போட்டுக்கோ.

– முடிஞ்சிதுண்ணே. கைய கழுவிக்கினு வாங்க. ஷட்டர எறக்குறேன், உள்ள இருட்டாவும். இப்ப பாருங்க.

– அடேயப்பா. தில்ல, நீ அந்தச் செவுத்தோரமா போயி நில்லு. நேரா இல்ல, இன்னும் தள்ளி, அந்த டயர் அடுக்கி வச்சிருக்கற மூலையில. குந்து. ரோட்டோரம் குந்தற மாதிரி.

– குந்திட்டேன்.

– மொகத்த இந்தாண்ட திருப்பு. தெரியுது. நல்லாத் தெரியுது. உன் மூக்குத்தியில கல்லு கூட தெரியுது. கண்ணத் தொற. அழுவுறியா நீ?

– கண்ணு கூசுதுய்யா. போதும், நிறுத்து.

– இது முன்னாடியே இருந்திருந்தா, இத்தினி நாளு சுத்தியிருக்க வேணாம். எப்பவோ புடிச்சிருப்பேன். சரி, பொழுது சாயப் போவுது. நான் பங்க்குல போயி டீசல் போட்டுக்கினு வந்துடறேன். நீ இங்கயே இரு, உன்ன ஊட்டுல வுட்டுட்டு அப்படியே மரக்காணம் பக்கம் போறேன்.

– பாத்து போ.

– நீங்க அந்த சேர்ல உக்காருங்கக்கா. அண்ணன் வர்றதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்கக் கூடாது.

– சொல்லு தம்பி.

– அண்ணன இப்படி வுடாதீங்க. வண்டியப் பாத்தீங்களா? முன்னாடி பம்பர்ல அடி, கதவெல்லாம் கீறல். ரோட்ட பாக்காம ஓரத்தப் பாத்துக்கினே ஓட்டுனா வேற இன்னா ஆவும்? தூக்கமும் கெடையாது. எங்கயாவது லாரியில வுடப் போறாரு, இல்ல நடந்து போற எவன் மேலயாவது ஏத்தப் போறாரு. இந்த லைட்ட போட்டதே எனக்கு மனசு கேக்கல. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, வந்ததும் கழட்டிடறேன். ஒயரே கருகிப் போச்சு, பழைய பல்பும் எரியாதுன்னு சொல்லிக்கறேன். வெளிச்சம் இல்லன்னா போவ மாட்டாரு.

– கழட்டாத.

– அக்கா...

– எதிர்ல வர்றவனுக்கு அடிக்காத மாதிரி கொஞ்சம் கீழ எறக்கி வைக்க முடியுமா?

– எறக்கலாம். ஆனா நான் சொல்றது அது இல்ல.

– புரியுது தம்பி. நீ நல்லதுக்குத்தான் சொல்ற. அவரு வண்டி வாங்கறதுக்கு முன்ன எப்படி இருந்தாருன்னு உனக்குத் தெரியாது. புள்ள போனதுல இருந்து பாயில படுத்தவரு எழுந்திருக்கல. தண்ணி வாயில ஊத்துனா ரெண்டு பக்கமும் வழிஞ்சிடும். என் பக்கத்துல நின்னவன நானே வுட்டுட்டேனே, அத்த மட்டுந்தான் சொல்லிக்கினு கெடந்தாரு. ஒரு நாளு விடியக்கால எழுந்து போனாரு. சரி, வெளிக்குப் போறாருன்னு வுட்டேன். கடல்ல எறங்கி நடந்திருக்கறாரு. நீந்தத் தெரிஞ்ச ஆளு, நீந்தல. நடந்துக்கினே போயிருக்கறாரு. வலை இழுக்க வந்த பசங்க பாத்து, தூக்கியாந்து மணல்ல போட்டாங்க.

– இத்த அவரு சொல்லவே இல்ல.

– சொல்ல மாட்டாரு. மணல்ல கெடக்கறப்ப யாரோ வந்து சொன்னாங்க, உம்புள்ளையாட்டம் ஒருத்தன மரக்காணம் ரோட்டுல பாத்தேன்னு. நெசமா பாத்தானோ, இவரு கெடக்கற கெதியப் பாத்து சொன்னானோ, அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். இவரு எழுந்து குந்துனாரு. காப்பி குடுன்னாரு. அத்தோட எழுந்தவருதான். அந்த வண்டி ஓட்றதாலதான் தம்பி அவரு சோறு தின்றாரு. தின்னலன்னாலும், திட்டுனா தின்றாரு.

– நீங்களும் கூடப் போவீங்களா?

– ஆரம்பத்துல போனேன். இப்ப போறதில்ல. அவரு காலையில திரும்பி வர்ற சத்தம் கேக்கற வரைக்கும் வாசப்படியில குந்திக்கினு இருப்பேன். வந்து, இன்னிக்கு இல்ல தில்ல, நாளைக்கும்பாரு. சரிய்யா, நாளைக்கும்பேன்.

– எத்தினி நாளைக்குக்கா இப்படி?

– அவரு கண்ணு தெரியற வரைக்கும். கையி வண்டியப் புடிக்கற வரைக்கும். எனக்கு வேற வழி தெரியல.

– அப்படிச் சொல்லாதீங்க. எங்க மாமன் ஒருத்தரு மூணு வருசம் கழிச்சு வந்தாரு, எங்கயோ ஓட்டல்ல தட்டு கழுவிக்கினு இருந்திருக்கறாரு. உங்க புள்ளயும் எங்கயாவது ரெண்டு வாயி சோறு தின்னுக்கினு நல்லாத்தான் இருப்பான். நானும் அந்தப் பக்கம் வேலைக்குப் போறப்ப பாக்குறேன், போட்டோவ அனுப்பச் சொல்லுங்க. கெடச்சதும் எனக்கு ஒரு போன் மட்டும் பண்ணிடுங்கக்கா.

– கெடச்சிட்டான் தம்பி. ஐப்பசி மழையிலயே கெடச்சிட்டான். ஸ்டேஷன்ல என் நம்பருதான் இருந்துச்சி, எனக்குத்தான் போன் வந்துச்சி. பொணவறையில மொகத்தப் பாத்தது நானு, எடுத்துக்கினு போயி கொள்ளி வச்சது என் அண்ணன். வண்டி சத்தம் கேக்குது, அவரு வந்துட்டாரு. கண்ணத் தொடச்சிக்கோ, லைட்ட கொஞ்சம் எறக்கி வையி.