இரண்டெழுத்துத் திருத்தம்

உங்கள் தட்டச்சுக்காரருக்கு ஒற்று எங்கே மிகும் என்று தெரியவில்லை. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஐயா. நேற்று இந்த விசாரணையில் நான் சொன்னவற்றை அவர் அடித்துக் கொடுத்த தாள்களை இன்று காலையில் படித்துப் பார்த்தேன். 'கதவை பூட்டினார்' என்று இருக்கிறது. நடுவில் ஒரு 'ப்' விட்டுப்போயிருக்கிறது. நல்ல மனிதர், வேகமாகத்தான் அடிக்கிறார். ஒற்றெழுத்தோடு மட்டும் ஏதோ பழைய பகை போலிருக்கிறது. நான் இருபத்திரண்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன். பிழை கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. ஒரு சிவப்புப் பேனா கொடுத்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் எல்லாவற்றையும் சரிசெய்து தந்துவிடுகிறேன்.

முதலில் இருந்து சொல்லச் சொன்னீர்கள். முதலில் என்றால் அக்காதான். இன்றைக்கு ஊரே அவளை அக்கா என்கிறது. எனக்கு அவள் உடன்பிறந்தவள், ஆறு வயது மூத்தவள். சட்டமன்றத்துக்குப் போவதற்கு முன் பத்தொன்பது வருடம் பெரிய மருத்துவமனையில் தீக்காயப் பிரிவில் செவிலியாக இருந்தாள். வீட்டில் அடுப்பில் ஏதாவது தீய்ந்துபோனால் எழுந்து வெளியே போய்விடுவாள். பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்த பிறகுதான் உள்ளே வருவாள். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்: "உள்ளங்கை வெந்து வர்றவங்க இருக்காங்க பாரு தம்பி, அவங்க நெருப்பத் தொட்டவங்க இல்ல. கதவத் தொட்டவங்க. வெளியே பூட்டியிருக்கும்." சொல்லிவிட்டு என் தட்டைப் பார்த்து, இன்னும் வேணுமா என்று கேட்டாள்.

அந்த வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்றாள். ஆட்கள் உள்ளே வேலை செய்யும்போது எந்தப் பட்டறைக் கதவையும் வெளியே பூட்டக் கூடாது. இதற்கு ஒரு சட்டம் வேண்டும். அவளுடைய ஆசையெல்லாம் அவ்வளவுதான். நானும் அவளும் வீடுவீடாக ஏறி இறங்கினோம். நானூற்றுப் பன்னிரண்டு வாக்குகள் விழுந்தன. சுத்தமாக மண்ணைக் கவ்வினோம். மறுநாள் எதிர்வீட்டு அம்மாள் என்னை வாசலில் நிறுத்தி, "அட, உங்கக்காவா நின்னாங்க? தெரிஞ்சிருந்தா அவங்களுக்கே போட்டிருப்பேனே" என்றார். அவருடைய மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது ஆறு மாதம் தினமும் போய் முதுகுப்புண்ணுக்கு மருந்து கட்டியவள் அக்கா. அவருக்கே தெரியவில்லை. நல்லவர்களாகப் பார்த்து வாக்களிப்போம் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். சுவரில் முகம் இல்லாத நல்லவர் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அந்தச் சுவருக்கு யார் செலவழித்தார் என்று மட்டும் பிறகு ஆணையம் அமைத்து விசாரிக்கிறீர்கள்.

அடுத்த தேர்தலுக்கு மெத்தைக்காரர் கிடைத்தார். ஊருக்கு வெளியே மெத்தையும் தலையணையும் செய்கிற தொழிற்சாலை அவருடையது. உறைகளில் தைக்கிற சீட்டுகளை எங்கள் அச்சகத்தில்தான் அடிக்கக் கொடுப்பார். சிரித்த முகம். யாரைப் பார்த்தாலும் முதலில் உடம்பு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார். "உங்கக்கா மாதிரி ஆளுங்க உள்ள போகணும் தம்பி" என்று சொல்லிவிட்டு, சுவரொட்டி, வண்டி, கூட்டத்துக்கு மண்டபம் எல்லாவற்றையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் ரசீது உண்டு. நன்கொடைக்குச் சட்டம் என்ன வரம்பு வைத்திருக்கிறதோ அதைத் தாண்டாமல் அவர் பெயரில், மனைவி பெயரில், மச்சான் பெயரில் என்று வந்தது. பதிலுக்கு ஏதாவது கேட்டாரா என்று நேற்று மூன்று முறை கேட்டீர்கள். இல்லை. எங்கள் அலுவலகத்தில் அவர் ஒரு காபிகூடக் கேட்டு வாங்கிக் குடித்ததில்லை. அக்கா வென்றாள். நான் அச்சகத்தை விட்டுவிட்டு அவளுக்குச் செயலாளராகப் போனேன்.

நான்காவது வருடம்தான் அவளுடைய மசோதா விவாதத்துக்கு வந்தது. அந்தச் சமயத்தில் மெத்தைக்காரர் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தார். அக்கா வெளியே போயிருந்தாள். என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து வேடிக்கையாகப் பேசினார். "கதவத் திறந்து வச்சா பாதித் தலையணைக்குக் கால் முளைச்சு வீட்டுக்குப் போயிடுது தம்பி" என்றார். நானும் சிரித்தேன். மசோதா என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. அதன் பிறகு ஆளைக் காணவில்லை. அடுத்த தேர்தலுக்கு எட்டு மாதம்தான் இருந்தது. தொலைபேசியில் பிடித்தால், "குடுக்காம எங்க போயிடப் போறேன், கொஞ்சம் பொறுங்க" என்பார். எதிரணிக்காரரின் முகம் அதற்குள் எங்கள் தெருவரைக்கும் வந்துவிட்டது. எங்கள் வீட்டு மதிலிலேயே ஒன்றை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டே அக்கா, "மெத்தைக்காரர ரொம்ப நாளாக் காணோமே, தம்பி?" என்றாள். அந்த வாரத்தில் மூன்று முறை அதையே கேட்டாள். நான் என்ன செய்ய வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் ஐம்பது வருடம் இருந்த அக்காவும் தம்பியும் எல்லாவற்றையும் வாய்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டியதில்லை. இந்த இரண்டு மூன்று வரிகளை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள், ஐயா. வழக்குக்குத் தேவையில்லாதவை.

மசோதாவின் இறுதிப் படி, அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பதற்காக எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. நான்காம் பிரிவு இப்படி இருந்தது: 'வேலை நேரத்தில் எல்லா வெளிக்கதவுகளையும் உள்ளிருந்து திறக்கக்கூடிய நிலையில் வைத்திருக்க வேண்டும்.' அக்காவே எழுதிய வாக்கியம். தெளிவான வாக்கியம், கை வைக்க இடமே இல்லை. நான் கடைசிச் சொல்லை அடித்துவிட்டு இரண்டெழுத்தைச் சேர்த்தேன். 'வைத்திருக்கலாம்' என்று ஆனது. ஓரத்தில் என் சுருக்கொப்பத்தைப் போட்டு அனுப்பினேன். வழக்கப்படி தொழிற்சாலை உரிமையாளர்கள் சங்கத்துக்கும் ஒரு பிரதி போனது. இரண்டு நாள் கழித்து மெத்தைக்காரர் தானாகவே அழைத்தார். "உங்க எழுத்து ரொம்ப அழகு தம்பி" என்றார். வேறொன்றும் பேசவில்லை. அன்று பிற்பகலே வண்டிகள் வந்துவிட்டன.

சட்டமன்றத்தில் அக்காதான் எழுந்து நின்று பிரிவுபிரிவாகப் படித்தாள். அந்த ஒளிப்பதிவை நேற்று இங்கே போட்டுக் காட்டினீர்கள். நான்காம் பிரிவின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் அவள் நிறுத்துகிறாள். தண்ணீரை எடுத்து ஒரு மடக்குக் குடிக்கிறாள். பிறகு 'வைத்திருக்கலாம்' என்று படிக்கிறாள். அந்த இடைவெளி பதினொரு நொடி என்று உங்கள் வழக்கறிஞர் சொன்னார். தொண்டை வறண்டிருக்கும். நாற்பது நிமிடம் நின்றுகொண்டே படித்தால் யாருக்கும்தான் வறளும். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள், எதிரணியும் சேர்ந்து தட்டியது. 'கதவைத் திறந்த அக்கா' என்று சுவரொட்டிக்கு வாசகம் எழுதியது நான்தான். முந்தைய முறையைவிட மூன்று மடங்கு வித்தியாசத்தில் வென்றோம்.

வென்ற வாரத்தில் ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். மெத்தைத் தொழிற்சாலையில் உறை தைப்பவள். இடது கட்டைவிரல் நகத்தில் ஊசி ஏறிய கறுப்புத் தழும்பு இருந்தது. சுவரொட்டியைப் பார்த்துவிட்டு அக்காவுக்கு நன்றி சொல்ல வந்திருந்தாள். "இனிமே கதவப் பூட்ட மாட்டாங்கதானே அண்ணே?" என்றாள். "சட்டத்துலயே எழுதியாச்சும்மா" என்றேன். அவள் கேட்டதால் சட்டத்தின் பிரதி ஒன்றையும் எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

மெத்தைத் தொழிற்சாலைத் தீயிலிருந்து தப்பித்து வந்தவர்களில் ஒருத்தி உங்களிடம் சொன்னதைப் படித்தேன். தீப்பிடிப்பதற்கு நாலு நாள் முன்னால் அந்தத் தையல்காரப் பெண் பிரதியை மேற்பார்வையாளரிடம் காட்டிச் சண்டை பிடித்திருக்கிறாள். அவர் விரல் வைத்து நிறுத்தி நிறுத்திப் படித்துவிட்டு, "'லாம்'னுதானே போட்டிருக்கு, நல்லாப் பாரு" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். அவரைக் கைது செய்து வைத்திருக்கிறீர்கள். அவர் சரியாகத்தான் படித்தார் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். மெத்தைக்காரர் மேல் வழக்கு இல்லை, இருக்கவும் முடியாது. எந்தச் சட்டத்தையும் அவர் மீறவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குத் தீப்பிடித்தது. பஞ்சும் நுரையும் அடைந்து கிடக்கிற இடம், சீக்கிரம் முடிந்துவிட்டது. முப்பத்தொரு பேர் போய்விட்டார்கள். அதில் இருபத்தாறு பேர் கதவருகில் இருந்தார்கள். தையல்காரப் பெண்ணும் அங்கேதான் இருந்தாள். அக்கா நேரே மருத்துவமனைக்குப் போனாள். அவளுடைய பழைய பிரிவு, அவளைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு படுக்கையாகப் போய் அதில் கிடந்தவர்களுடைய கைகளைத் திருப்பிப் பார்த்தாளாம். மாலையில் வீட்டுக்கு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றாள்.

"'வேண்டும்'னுதானே தம்பி நான் எழுதினேன்?"

"ஆமாக்கா."

"மெத்தைக்காரர் குடுத்தாரே, அதத் திருப்பிக் குடுத்துடு."

"செலவாயிடுச்சுக்கா."

"எல்லாமா?"

"சுவரொட்டி, வண்டி, மண்டபம். எல்லாந்தான்."

அவள் குழாயைத் திறந்து கை கழுவ ஆரம்பித்தாள். வெகுநேரம் கழுவினாள். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பதவியையும் விடவில்லை. விடாதது நல்லது என்றுதான் இன்றும் சொல்வேன். அவள் விலகினால் அந்த இடத்துக்கு மெத்தைக்காரரின் மச்சான் வருவார், அதற்கான சுவரொட்டியைக்கூட அடித்துவைத்திருப்பார்கள்.

நான் தலைகுனிந்து உட்கார வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள், ஐயா. குனிய மாட்டேன். யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. நான் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. இந்த ஆணையத்தை அமைத்த அமைச்சருக்குப் போன தேர்தலில் வண்டி அனுப்பியது யார் என்று நான் உங்களிடம் கேட்டேனா? மரியாதைக்காகத்தான் கேட்கவில்லை. நான் ஒரே ஒரு நல்லவளைச் சட்டமன்றத்துக்குள் வைத்திருந்தேன். அவளை அங்கே வைத்திருக்க என்ன ஆகுமோ அது ஆனது. முப்பத்தொரு பேர் என்பது எனக்கும் வருத்தம்தான். அக்கா தோற்றிருந்தாலும் அந்தக் கதவு பூட்டித்தான் இருந்திருக்கும். அவள் இடத்தில் வேறு எவனாவது இருந்திருப்பான். அவன் மருத்துவமனைக்குப் போய்க் கைகளைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டான். அந்த வித்தியாசத்துக்காகத்தான் நான் உழைத்தேன்.

இனி நீங்கள் கேட்டதைச் சொல்கிறேன், தட்டச்சுக்காரர் நிதானமாகப் பதிந்துகொள்ளட்டும். நான்காம் பிரிவை மாற்றியது நான். மாற்றினால் கதவைப் பூட்டுவார்கள் என்று தெரிந்துதான் மாற்றினேன். பூட்டிய கதவுக்கு உள்ளே நெருப்பு வந்தால் அங்கே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும். பத்தொன்பது வருடம் சாப்பாட்டு மேசையில் அதைக் கேட்டவன் நான். மெத்தைக்காரர் சொல்லவில்லை. அக்காவுக்குத் தெரியாது. தண்ணீர் குடித்தாள், அவ்வளவுதான்.

அடித்து முடித்தாயிற்றா? கொடுங்கள். பேனாவுக்கு நன்றி.

பதினேழு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. எல்லாவற்றையும் போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பமும் வைத்திருக்கிறேன். பொருள் மாறிப்போயிருந்தது ஒரே ஓர் இடத்தில்தான், கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில். 'இதை நான் தடுத்திருக்க வேண்டும்' என்று அடித்திருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. கடைசிச் சொல்லை அடித்துவிட்டு இரண்டெழுத்தைச் சேர்த்திருக்கிறேன், படித்துப் பாருங்கள். 'இதை நான் தடுத்திருக்கலாம்.' இப்போது பிழை இல்லை.