பச்சைத் தொட்டி

குப்பை பிரிப்பது மனதுக்கு அமைதி தரும் வேலை, சார். நீங்களும் ஒருநாள் செய்து பாருங்கள்.

எங்கள் கல்லூரிப் பசங்கள் ஏரிக்கரையில் நடத்தும் இசைவிழாவில் நான் வாசல் காவல். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் எதுவும் உள்ளே போகக்கூடாது. பையைத் துழாவி எடுத்துவிடுவேன். சைக்கிள் மிதித்துத்தான் ஒலிபெருக்கிக்கு மின்சாரம். மேடைக்குமேல் மரக்கிளையில் ஒரு தேன்கூடு. நமக்கு முன்னால் வந்தது, கலைக்கக்கூடாது என்று விதி. விதிகளை எழுதியவன் விழாவின் பாடகன். விடுதியில் என் அறைத்தோழன்.

போன வருடம் நான் ஞாபகமறதியாகத் தண்ணீர் பாட்டிலோடு வந்துவிட்டேன். அவன் பாட்டை நிறுத்தினான். "மச்சான், பாட்டிலை நீலத் தொட்டில போட்டுடலாம். உன்னை எதுல போடுறது?" என்று மைக்கில் கேட்டான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து என் பெயர் குப்பை. அம்மா போன் செய்தால்கூட, "குப்பை குளிக்குதும்மா" என்பார்கள்.

இந்த வருடம் வாத்தியங்களோடு அவன் பை முன்னதாக வந்தது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஊசிப் பேனா. ஒருமுறை குத்தினால் மருந்து தீர்ந்துவிடும். விதிப்படி எடுத்தேன். பிறகு பெரிய ஒலிபெருக்கியைக் கொஞ்சம் மரத்தின் பக்கம் திருப்பிவைத்தேன். ஏரிப் பறவைகளுக்குத் தொந்தரவு கூடாதல்லவா.

அவன் உச்சத்தில் பாடும்போது தேனீக்கள் இறங்கின.

அவன் அக்கா வாசலுக்கு ஓடிவந்தார். "தம்பி, அவன் பையில மருந்துப் பேனா இருந்துச்சே, பாத்தியா? மூச்சு விட முடியலடா அவனுக்கு."

"நான்தான் எடுத்துப் போட்டேன்கா. பதறாதீங்க, தேடித் தர்றேன்."

முதலில் பச்சைத் தொட்டியைக் கவிழ்த்தேன். பழத்தோல், காகிதத் தட்டு, இலைச் சருகு. ஒவ்வொன்றாக எடுத்து உதறிப் பார்த்தேன். "சீக்கிரம்டா கண்ணு" என்று அக்காவும் முழங்கைவரை கைவிட்டுத் துழாவினார். அது மக்கும் குப்பைக்கான தொட்டி என்று அவருக்குத் தோன்றவில்லை. நாங்கள் நீலத் தொட்டிக்கு வந்தபோது மேடைப் பக்கமிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அந்தக் குரலில் அவசரமே இல்லை.

பேனா எதற்கென்று தெரியாதா என்கிறீர்கள். தெரியும், சார். முதலாம் ஆண்டில் ஒரே ஒரு தேனீ கொட்டி, ஒவ்வாமையில் அவனுக்கு மூச்சடைத்தபோது, அதே மாதிரிப் பேனாவைத் தொடையில் குத்திப் பிழைக்கவைத்தவனே நான்தான். கொடுத்த உயிரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

பழிவாங்கினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தத் தண்ணீர் பாட்டில் சமாசாரத்தை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.