அக்கா எழுதின ரவுடி

— கோவப்படாம கேளுக்கா. மாமாகிட்ட நீதான் சொல்லணும்.

— என் புருஷன்கிட்ட நான் என்னன்னு சொல்ல? உங்க வேலை போச்சு, உங்க நாற்காலியில என் தம்பி உக்காரப் போறான்னா?

— திங்கக்கிழமை அவங்களே கூப்பிட்டுச் சொல்லிடுவாங்க. அதுக்கு முன்னாடி உன் வாயால தெரிஞ்சா தேவலை.

— உன்னை அந்தக் கம்பெனிக்குள்ள கூட்டிட்டுப் போனதே அவர்தான்டா.

— இல்லைன்னு சொல்லலைக்கா. விற்பனை படுத்துடுச்சு. யார் காரணம்னு மேலிடத்துல கேட்டாங்க. உள்ளதைச் சொன்னேன்.

— உள்ளதையா?

— கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

— தண்ணி குடி. மூஞ்சியெல்லாம் வேர்க்குது.

— திட்டிடுக்கா. நீ இப்படி இருந்தா பயமா இருக்கு.

— திட்டத் தெம்பில்லைடா. பகல் பூரா எழுதி எழுதி அடிச்சதுல தலை கனக்குது. இப்ப நீ வேற.

— எனக்குத் துணிச்சல் வந்ததே உன்னாலதான்க்கா.

— என்னாலயா?

— நீ எழுதின ரவுடி படம். மூட்டை தூக்கினவன், சோறு போட்ட முதலாளியையே தள்ளிட்டு அவர் வீட்டு மாடியில போய் நிப்பானே. நின்னா அப்படி நிக்கணும்னு தோணுச்சு.

— அடப்பாவி. உழைச்சா யார் வேணாலும் மேல வரலாம்னு நாடே சொல்லுது. பள்ளிக்கூடத்துச் சுவர்லகூட எழுதி வெச்சிருக்கு. யார் தோள்ல கால் வெச்சு ஏறுறாங்கன்னு எந்தச் சுவர்லயும் எழுதலை. அதைச் சொல்லத்தான் அந்தப் படமே எழுதினேன்.

— எனக்கு அவன் ஜெயிச்ச மாதிரிதான்க்கா தெரிஞ்சுது.

— கடைசியில அவன் பிணத்தை வாங்க யாரும் வரமாட்டாங்களேடா. கூடப் பொறந்தவளே, இவனை எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டுப் போயிடுவாளே. அதைப் பார்த்துமா உனக்கு ஆசை வந்துச்சு?

— பிணமா? அவன் செத்துடுவானா?

— படம் பார்த்தேன்னு சொன்னியே.

— தியேட்டர்ல வந்தப்ப நான் வெளியூர்ல படிச்சிட்டிருந்தேன்ல. ஆபீஸ்லதான் பார்த்தேன். புதுசா சேர்ந்தவங்களுக்குப் பயிற்சின்னு போட்டாங்க. இடைவேளையோட நிறுத்தி, லைட்டைப் போட்டு, எல்லாரையும் கைதட்டச் சொன்னாங்க.

— பாதியிலயா? அந்த முடிவை வெக்கிறதுக்கு நான் எத்தனை பேர்கிட்ட மல்லுக்கட்டினேன் தெரியுமா? எவன்டா நிறுத்தினது?

— மாமாதான்க்கா. மீதி நம்ம வேலைக்கு உதவாது, முன்னேற நினைக்கிறவன் இதோட எந்திரிச்சுடணும்னு சொல்லிட்டு, அவர்தான் நிறுத்தினார்.