இந்த வீட்டு விளையாட்டுச் செலவு

வீட்ட அளக்க வரலையா? அப்ப என்னத்த அளக்க வந்திய மேடம்? விளையாட்டையா? மாதாவே. நாங்க தையல் மிஷின இழுத்து வாசல்ல போட்டு, இது வீடு மட்டுமில்ல, கடையும்தான்னு காட்டக் காத்துக் கெடக்கோம். கரண்டு பில்லு, ரேஷன் கார்டு எல்லாம் எடுத்து வச்சாச்சு. தாராவில யாரு டேப்லெட்டும் கையுமா வந்தாலும் இடிச்சுக் கட்டுததுக்கு வீட்ட அளக்க வந்திருக்காவன்னுதான் நெனப்போம். சரி, வந்தது வந்துட்டிய, உக்காருங்க. தமிழ்க்காரிய, மாட்டுங்கா பக்கமா? பேச்சுலயே தெரியுது. எம்பேரு இருதயமேரின்னு போட்டுக்கிடுங்க.

நம்ம நாட்டுல விளையாட்டுத் தொழிலு எவ்ளோ பெருசுன்னு சர்க்காருக்குத் தெரியணுமா? அத இந்தச் சந்துக்குள்ளயா தேடுதிய? ஸ்டேடியம் பக்கம் போயிருக்கலாம்லா.

எங்க வீட்டுக்காரரு ஜோசப்ராஜ் ஜெர்ஸிதான் தைக்காவ. கிரிக்கெட் சீசன் வந்தா சோறு திங்க நேரமிருக்காது. எந்த டீம் ஜெயிச்சாலும் எங்களுக்கு ஒண்ணுதான், தோத்த டீம் ஜெர்ஸிதான் குடோன்ல தங்கிப்போவும். அது விளையாட்டுல வராதா? துணிமணிலயா வரும்? அதுசரி. போட்டிருக்கவனுக்கு விளையாட்டு, தைச்சவனுக்குத் தையலு.

வீட்டுச் செலவக் கேக்கியளா? விளையாட்டுக்குன்னு ஒண்ணும் கெடையாது. எம்மவ ஜெஸி ஆடுதது கபடி. பேட்டு வேண்டாம், பந்து வேண்டாம், மூச்சப் புடிச்சாப் போதும். அதான் நானும் சந்தோசமா விட்டேன். கிரிக்கெட்டுன்னு நின்னிருந்தா இந்த வீடு தாங்குமா?

முட்டை வாங்குதோம். கோச்சு தெனம் குடுக்கச் சொன்னாரு. அதச் சாப்பாட்டுல போடுவியளா? சரி. டோம்பிவிலில மேட்சுன்னா லோக்கல் ட்ரெயின் டிக்கெட்டு எடுக்கணும். அது பயணமா? அதுஞ்சரி. அப்புறம் ரப்பர் மேட்ல ஆடணும்னு ஒரு ஷூ வாங்குனோம். அது விளையாட்டுல வருமா? அப்பாடா, ஒண்ணாவது தேறிச்சே. அப்ப ஒரு ஜோடி ஷூதான் எங்க வீட்டு விளையாட்டுத் தொழிலு. நாடு எங்கயோ போயிரும்.

ஆஸ்பத்திரிச் செலவா? அது இருக்கு மேடம். மழைக்கு முந்தி கோவண்டில ஒரு மேட்சு. புடிக்க வந்த புள்ள அப்படியே இவ கால் மேல விழுந்துட்டா. முட்டுக்குள்ள லிகமெண்ட் கிழிஞ்சு போச்சு. ஆபரேசன், பிசியோ, முட்டுக்குப் போடுத பெல்ட்டு, எல்லாம் ஆச்சு. மருத்துவத்துலயா போடுதிய? விளையாட்டுல போடுங்க. சும்மா இருக்கும்போதா கிழிஞ்சது, ஆடித்தானே கிழிஞ்சது? இதச் சேத்துட்டா இந்த வருசம் நாட்டுல விளையாட்டு என்னமா வளந்திருக்கும் பாருங்க.

சிரிக்கதுக்குச் சொன்னேன், எழுதாண்டாம்.

எக்ஸர்சைஸ ஒழுங்கா செஞ்சா பழையபடி ஆடலாம்னு டாக்டரு சொல்லிட்டாரு. இவதான் மாட்டேங்கா. ஷூவத் தூக்கிப் பரண்ல போட்டுட்டா. என்னால இந்த வீட்டுக்குச் செலவுதான், இனி எனக்கு ஒண்ணும் செய்யாதீங்கன்னு சொல்லிட்டு சுவரப் பாத்துப் படுத்துக்கிடுதா. இந்தா, இந்தத் திரைக்கு அங்கிட்டுதான் கெடக்கா. தூங்கவெல்லாம் இல்ல, நாம பேசுதத எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருக்கா. அதுக்குத்தான் உங்கள இவ்ளோ நேரம் புடிச்சு வச்சிருக்கேன்.

நானும் அவ அப்பாவும் மாத்தி மாத்திச் சொல்லிப் பாத்துட்டோம். ஆறுதலுக்குச் சொல்லுதாவன்னு நெனைக்கா. அம்மா சர்க்காருக்கு ஒண்ணச் சொன்னா அது வெளையாட்டுப் பேச்சில்லன்னு அவளுக்குத் தெரியும். வர்ற வருசத்துச் செலவப் பத்தி கடைசில ஒரு கேள்வி இருக்குன்னு வரும்போதே சொன்னியள்லா? அத இப்பக் கேளுங்க. கொஞ்சம் சத்தமாக் கேளுங்க மேடம்.

ஆமா மேடம், இருக்கு. வர்ற வருசமும் இந்த வீட்டுல விளையாட்டுச் செலவு இருக்கு. இந்த வருசத்தவிடக் கூடுதலாவே போடுங்க.

ஆடுதவ பேரா? ஜெஸி.