தூரத்தில் நிற்கும் அப்பா

— ரப்பரைக் குடு சுப்ரியா. படத்துல இந்த ஆள் தப்பு.

— தப்பில்லை. அது நீதான் அப்பா.

— நானாவே இருக்கட்டும். ரயில் கிட்டக்க நிக்கறது. நான் பிளாட்பாரத்தோட அந்தக் கோடியில நிக்கறேன். அப்புறம் எப்படி ரயிலைவிட உசரமா இருப்பேன்? டிராயிங் மிஸ் என்ன சொல்லிக்குடுத்தா?

— கிட்டக்க இருக்கறது பெருசு. தூரே இருக்கறது சின்னது.

— அதேதான். ஜன்னலண்டை வா. ஒரு கண்ணை மூடிக்கோ. ரெண்டையும் இல்லடி, ஒண்ணை! கட்டைவிரலை நீட்டு. எதிர்வீட்டு மாடித் தண்ணித்தொட்டி தெரியறதா?

— மறைஞ்சுடுத்து!

— உன் விரல் தொட்டியைவிடப் பெருசா?

— இல்ல, கிட்டக்க இருக்கு. அப்பா, நீ வாசக்கதவு வரைக்கும் போயேன்.

— நாளைக்குக் காலம்பற அத்தை ஹௌரா ஸ்டேஷன்ல வந்து இறங்கிடுவா. மறுநாளே உன்னைச் சென்னைக்கு அழைச்சுண்டு போயிடுவா. பெட்டியில பாதிகூட அடுக்கலை. இப்போ விளையாட்டா?

— போப்பா!

— சரி, போயாச்சு. போதுமா?

— ஸ்கூல்ல சொல்றாப்பல, தாடாவ்! அங்கயே நில்லு. விரலை வெச்சா... நீயே இல்ல.

— இங்கதானே இருக்கேன், அசடு.

— சென்னை இதைவிடத் தூரமா?

— ரொம்பத் தூரம். ஆனா அத்தையாத்துல ஊஞ்சல் இருக்கு, பெரிய ஸ்கூல் இருக்கு. லீவு கிடைச்சா நான் வந்துடுவேன்.

— அப்போ நீ புள்ளியாயிடுவே.

— படத்துலதாண்டி அப்படி. நெஜத்துல யாரும் சின்னதா ஆயிட மாட்டா.

— அம்மா ஆனாளே.

— என்னது?

— கட்டில்ல என் பக்கத்துலயேதானே இருந்தா. தூரமே இல்ல. ஆனா தினம் கொஞ்சம் கொஞ்சமா சின்னதாயிண்டே போனா. வளையல் முழங்கை வரைக்கும் ஏறித்தே, நீ பாக்கலை?

— பாத்தேன்.

— மிஸ்கிட்டக் கேட்டேன், அது எப்படின்னு. தலையைத் தடவிக்குடுத்தா.

— அத்தை ஃபோன் அடிச்சுண்டே இருக்கா, இரு. இல்ல, அடிக்கட்டும். சுப்ரியா, அதுக்கும் இந்த ஆளுக்கும் என்ன சம்பந்தம்? சின்னதாப் போட்டா மிஸ் ஸ்டார் போடுவா இல்லியோ?

— ரயில் கிளம்பினா நீ சின்னதாயிண்டே போவே. அதான் இப்பவே பெருசாப் போட்டுட்டேன். எவ்ளோ குறைஞ்சாலும் கொஞ்சம் மிச்சம் இருக்குமே.

— படத்தை இப்படித் திருப்பு, பாக்கறேன்.

— அப்பா? கோவமா? இந்தா ரப்பர். நீயே அழிச்சுக்கோ.

— குடு. அந்த ஆள் அப்படியே இருக்கட்டும். ரயிலை அழிச்சுடலாம்.